கோடையில் தண்ணீரைத் தள்ளிப்போடுகிறவர்கள்

சித்திரை மாதத்தில், பகல் பதினோரு மணிக்குமேல், தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து பேருந்து நிலையம்வரை நடந்தால், தாகம் தணிக்க வழியில்லாத ஊர் என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள். இளநீர் வண்டிகள், நுங்கு சீவுகிறவர்கள், தர்ப்பூசணிக் கீற்றுகள், கரும்புச் சாறு, கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் விற்கும் தள்ளுவண்டிகள், கட்சிக்காரர்களும் வணிகர் சங்கத்தாரும் திறந்து வைத்த நீர்மோர்ப் பந்தல்கள் என வழிநெடுகக் குடிப்பதற்கு ஏதேனும் இருக்கிறது. இவ்வூரில் பொதுமருத்துவராகத் தொழில் செய்யும் நான், அவற்றின் முன்னால் நிற்பவர்களைக் காட்டிலும், அவற்றுக்குப் பக்கத்திலேயே நாள் முழுவதும் இருந்தும் குடிக்காதவர்களைத்தான் கவனித்துக்கொண்டு போகிறேன். கோடையில் என்னிடம் வரும் சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல், மயக்கம், கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவற்றில் பலவும், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தும் அதைத் தள்ளிப்போட்டதால் வந்தவை. அப்படித் தள்ளிப்போடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கேட்காமல் 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று மருந்துச் சீட்டின் அடியில் எழுதித் தருவதால் யாருக்கும் பயனில்லை.

முதலில் துணிக்கடைகளையும் நகைக்கடைகளையும் பாத்திரக் கடைகளையும் எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் பேருந்தில் வந்து இறங்கி, இரவு கடை சாத்தும்வரை நிற்கிற பெண்கள் நூற்றுக்கணக்கில் இவ்வூரில் வேலை செய்கிறார்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அடிவயிற்றில் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று அவர்களில் ஒருவர் வந்து உட்காரும்போது நான் கேட்பதும் அவர் சொல்வதும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும்.

“ஏம்மா, கடையில இருக்கும்போது எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?”

“காலையில வீட்ல ஒரு சொம்பு குடிக்கிறதோட சரிங்க மேடம். கடைக்குப் போயிட்டா குடிக்கிறதில்ல. குடிச்சா போகணும்ல.”

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நோயின் காரணம் முழுவதும் இருக்கிறது. கடையில் கழிப்பறை இருக்காது. இருந்தாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவானதாக, தாழ்ப்பாள் சரியில்லாததாக இருக்கும். அல்லது மூன்றாம் மாடியில் இருக்கும், போவதற்கு மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மேற்பார்வையாளர் ஓர் ஆண் என்றால், ஒரே நாளில் மூன்றாவது முறையாக அவரிடம் அனுமதி கேட்பதைவிடத் தாகத்தோடு இருப்பதே மேல் என்று ஓர் இளம்பெண் முடிவெடுப்பதில் எனக்கு வியப்பில்லை. மாதவிலக்கு நாட்களில் இந்த நெருக்கடி இன்னும் கூடுகிறது.

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயான சிறுநீர்ப்புறவழி பெண்களுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம்தான். ஆண்களுக்கு அது 20 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை போன்ற நுண்ணுயிரிகள் இந்தக் குறுகிய வழியாகச் சிறுநீர்ப்பையை எளிதில் எட்டிவிடுகின்றன. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழித்தால் உள்ளே வந்த நுண்ணுயிரிகள் அதோடு வெளியேறும். எட்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்தால், அடர்ந்து தேங்கிய சிறுநீரில் அவை பெருகி, சிலருக்குச் சிறுநீரகம்வரை ஏறிவிடுகின்றன. இதைச் சூடு பிடித்துக்கொண்டது என்று எண்ணி வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்து, முதுகுவலியும் வாந்தியும் வந்த பிறகே பலர் மருத்துவரிடம் வருகிறார்கள். வெந்தயம் குடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் எரிச்சலோடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே சிறுநீரைப் பரிசோதித்தாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்தத் தொற்று குறைமாதப் பிரசவம்வரை கொண்டுபோய்விடும் என்பதால், அவர்கள் காய்ச்சல் வரும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

கடைகளில் வேலை செய்பவர்கள் உட்காருவதற்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு சில கடைகளில் முக்காலிகளைப் பார்க்க முடிகிறது. அது நல்ல மாற்றம். அதே அக்கறையோடு, பெண்களுக்கென்று தனியாக, தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிப்பறையை, யாரிடமும் கேட்காமல் போய்வரக்கூடிய விதத்தில் கடை உரிமையாளர்கள் அமைத்துத் தர வேண்டும் என்று ஒரு மருத்துவராக நான் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்கிறேன். கோடைக்காலத்தில் ஊழியர்கள் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள் என்று வருந்தும் முதலாளிகளுக்கும் இதில் இலாபம் உண்டு.

பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தால் அங்கே காரணம் வேறாக இருக்கிறது. பூக்கட்டி விற்கும் பெண்கள், வெள்ளரிப் பிஞ்சும் வேர்க்கடலையும் கூடையில் வைத்துப் பேருந்துக்குப் பேருந்து ஏறி இறங்குகிறவர்கள் ஆகியோருக்குக் கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுப்பது அன்றைய வரும்படியில் விழுகிற ஓட்டை. அதைவிட, கூடையை யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது என்ற கவலை. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் தடங்களில் ஓடும் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அடுத்த நிலையம்வரை இறங்க முடியாது என்பதால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, வண்டி நின்றதும் தேநீர் குடிக்கிறார்கள். தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே போய்வரும் லாரி ஓட்டுநர்களும் இப்படித்தான்.

இவர்களில் ஆண்கள் பெரும்பாலும் கல்லடைப்போடு வருகிறார்கள். விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கும் விதைப்பைக்கும் இறங்குகிற அந்த வலியை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார். சிறுநீரில் கரைந்திருக்கும் கால்சியமும் ஆக்ஸலேட்டும் நீர் குறையும்போது படிகங்களாகிக் கல்லாக வளர்கின்றன. இதைத் தவிர்க்க நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேற வேண்டும். குடிப்பது எவ்வளவு என்று நான் சொல்லாமல் வெளியேறுவது எவ்வளவு என்று சொல்வதற்குக் காரணம், கோடையில் குடிப்பதில் பெரும்பங்கு வியர்வையாகப் போய்விடுவதுதான். சிறுநீர் வைக்கோல் நிறத்தைவிட வெளிறி இருந்தால் போதுமான அளவு குடிக்கிறோம் என்று பொருள். தேன் நிறத்துக்கோ கடுந்தேநீர் நிறத்துக்கோ போனால் உடல் தண்ணீர் கேட்கிறது என்று பொருள். கல் இருக்கிறது என்று தெரிந்ததும் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அதை நிறுத்துவது கல்லுக்கு உதவியாகவே முடியும். குறைக்க வேண்டியது உப்பை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை. பீர் குடித்தால் கல் கரையும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம், அது உடலிலுள்ள நீரையும் சேர்த்து வெளியேற்றிவிடும் என்பதை ஒவ்வொரு கோடையிலும் நான் விளக்க வேண்டியிருக்கிறது.

நகரத்தின் உட்தெருக்களில், மாசி தொடங்கி வைகாசிவரை, வீட்டுத் திண்ணைகளிலும் குடோன் வாசல்களிலும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளியின் ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் இவர்களுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே காற்றோட்டம் இல்லாமல், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கும் நேரம் கூலி இல்லாத நேரம். விரல் இடுக்கெல்லாம் புளி ஒட்டியிருப்பதால் செம்பைத் தொடுவதற்கும் கை கழுவ வேண்டும். ஆகவே ஒரு பெண் மதியம்வரை ஒருவாய் நீரும் குடிக்காமல் உட்கார்ந்திருந்து, எழும்போது கண் இருட்டி விழுகிறார். மாங்காய் மண்டிகளில் பெங்களூராவையும் செந்தூராவையும் தரம் பிரிப்பவர்கள், கூடை சுமப்பவர்கள், கட்டடம் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். வியர்வை ஒழுக வேலை செய்பவர்கள் கால்மணி நேரத்துக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒருமுறை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தாகம் எடுத்த பிறகு மொத்தமாக ஒரு சொம்பு குடிப்பது அதற்கு ஈடாகாது. மேஸ்திரியோ மண்டிக்காரரோ ஒருவரை நியமித்துத் தண்ணீரை ஆள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் செய்தால், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும் என்பதையும் வேலை கொடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். குளிர்ச்சியான பெங்களூரில் வேலை செய்துவிட்டு ஊர்த் திருவிழாவுக்கு வந்து, அப்படியே இங்கே ஒரு வேலையில் சேருகிறவரும், காய்ச்சலில் படுத்து எழுந்து வருகிறவரும், பழகிய ஆளோடு சமமாக முதல் நாளே மூட்டை தூக்கக் கூடாது. வெயிலில் சுருண்டு விழுகிறவர்களில் இப்படிப் புதிதாக வந்தவர்களே அதிகம்.

வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் சில சமயம் போதாது. கூழ் வண்டிகளை நான் மனமாரப் பாராட்டுவது இதனால்தான். உப்பிட்டு மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ் நீரையும் உப்பையும் மாவுச்சத்தையும் ஒன்றாகத் தருகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுமையான சோர்வு என்று வந்தால், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூளான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20.5 கிராம் உள்ள ஒரு பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் தூளைப் போட்டுக் கலக்கிக் குடித்தால் அளவு மாறி, பயன் கெடும், சில சமயம் தீங்காகவும் முடியும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். மருந்துக் கடைகளில் வண்ண அட்டைப் பெட்டிகளில் விற்ற இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குழந்தைக்கு வாங்கும்போது அந்த வேறுபாட்டைக் கவனித்து வாங்குங்கள். இதய நோய்க்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் மருந்து எடுப்பவர்களுக்குத் தண்ணீரின் அளவும் உப்பின் அளவும் தனிக்கணக்கு. நான் மேலே சொன்னவற்றை அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

நிறையக் குடியுங்கள் என்று சொல்லும்போது, எந்தத் தண்ணீரை என்று தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கட்டாயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமது மண்ணுக்கடியில் இருப்பவை புளூரைடு கலந்த தாதுக்களைக் கொண்ட கடினப் பாறைகள். அவற்றோடு நெடுங்காலம் தொடர்பில் இருக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளூரைடு கரைந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் இருக்கும் நீரைப் பல் முளைக்கும் பருவத்தில் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பற்களில் சுண்ணாம்பு வெள்ளையும் பழுப்புமாகக் கறை படிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. பல்லாண்டுகள் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகி, குனியவும் சம்மணமிட்டு உட்காரவும் முடியாமல் போகிறது. இந்தப் பாதிப்புகளைத்தான் புளூரோசிஸ் என்கிறோம். எலும்பில் படிந்துவிட்ட பாதிப்பை மருந்தால் திருப்ப முடியாது என்பதால், தடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளூரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது இந்தக் காரணத்துக்காகத்தான்.

ஆனால் கோடையில் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருவது குறையும்போது, மக்கள் மறுபடியும் ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்புகிறார்கள். தெருவில் நடக்கும்போது, தொட்டியடியில் குடத்தோடு நிற்கும் பெண்களிடம் 'இது குடிக்கவா, புழங்கவா?' என்று நான் கேட்பதுண்டு. “குடிக்கவும்தாங்க, கொதிக்கவெச்சுதான் குடிக்கிறோம்” என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும்; புளூரைடு போகாது, நீர் வற்றும் அளவுக்கு அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாகப் பிடித்து வைத்து, குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளை நீரைப் பயன்படுத்துவதே இன்று வீட்டளவில் செய்யக்கூடிய சிறந்த ஏற்பாடு. வீட்டுக் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். தேயிலையிலும் புளூரைடு உண்டு என்பதால், தண்ணீருக்குப் பதிலாக ஐந்தாறு முறை தேநீர் குடிப்பவர்களுக்கு இருபக்கமும் சேதம்.

நீர்மோர்ப் பந்தல் வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பானையை மூடி வையுங்கள், நீண்ட பிடி உள்ள அகப்பையால் மொண்டு ஊற்றுங்கள், ஒரே டம்ளரை வாளி நீரில் முக்கி அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் உண்பதற்கு உகந்தது அல்ல. உண்பதற்கல்லாத ஐஸில், அடையாளம் தெரிவதற்காக, நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நிறமற்று இருந்தாலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஐஸை மோரில் போடுவதைவிட, மண்பானையில் ஊற்றி ஈரச் சாக்கைச் சுற்றி வைப்பது பாதுகாப்பானது.

இரண்டு சக்கர வண்டியில் கைக்குழந்தையைக் கனத்த துண்டால் முகம்வரை போர்த்தி, உச்சி வெயிலில் கொண்டுபோவதையும் இவ்வூர்ச் சாலைகளில் தினமும் காண்கிறேன். வெயில் படாமல் காக்கும் எண்ணம்தான் என்றாலும், அந்தப் போர்வைக்குள் காற்றில்லாமல் குழந்தையின் உடல்சூடு ஏறுகிறது. பயணத்தைக் காலை பத்து மணிக்குள்ளோ மாலை நான்கு மணிக்குப் பிறகோ வைத்துக்கொண்டு, மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகப் போட்டால் போதும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கோடையிலும் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ தரத் தேவையில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் அதிலேயே நீர் கிடைத்துவிடும், தாய்தான் கூடுதலாகக் குடிக்க வேண்டும். பாட்டிமார்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பாட்டிமார்களும் கவனிக்கப்பட வேண்டியவர்களே: வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும், இரவில் எழுந்து கொல்லைக்குப் போக அஞ்சி மாலை ஐந்து மணிக்கே தண்ணீரை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. சிறுநீர் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் கோடையில் தலைசுற்றினால் தாமாக நிறுத்தாமல், அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வேலூரும் திருத்தணியும்தான் வெயிலூர், நமது ஊர் மேட்டுப் பாங்கானது என்று இங்குள்ளவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அக்கினி நட்சத்திர நாட்களில் இங்கும் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகுத்தது. உயிரைக் காப்பது முதல் அரைமணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் செய்வது. வெயிலில் ஒருவர் தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு என்று சொல்லும்போதே நிழலுக்குக் கொண்டுபோய், உப்பிட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். அவர் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத்தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். தோல் வறண்டிருக்க வேண்டும் என்பதில்லை, வேலை செய்துகொண்டிருந்தவர் என்றால் வியர்த்தும் இருப்பார். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸையோ ஈரத்துணியையோ வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை நீர் ஊற்றுவதையும் விசிறுவதையும் நிறுத்தாமல் செய்யுங்கள்.